மேவிஸ் சொன்ன பாதி

மேவிஸ் தாக்ரேக்குக் கவலைப்படுவது ஒரு முழுநேர வேலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து கதவை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். மழை பெய்தால் கூரை ஒழுகுமோ என்று பயம். பெய்யாவிட்டால் ஏன் இன்னும் பெய்யவில்லை என்று பயம். யார்க்‌ஷயரில் இந்த இரண்டாவது பயத்துக்கு அவ்வளவாக வாய்ப்பு வராது. இருந்தாலும் அவள் அதையும் விட்டுவைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு பிராட்ஃபோர்டு பக்கத்துக் கம்பளி மில் ஒன்றில் இருந்தாள். நெய்து வந்த துணியை மேசைமேல் விரித்து, எங்கே இழை விட்டுப்போயிருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் தேடும் வேலை. துணியில் பிசகு இருக்கிறது என்று நம்பித்தான் அந்த வேலையைத் தொடங்கவே முடியும். மில்லை மூடிப் பல வருஷமாகிறது. அவள் கண் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்திக்குப் புருஷனாக வந்தவன் கிளிஃபர்ட். குழாய் ரிப்பேர் செய்கிறவன், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். ஒரு நாள் பண்ணைக் கொட்டகை ஒன்றிலிருந்து ஒரு வண்டி பழைய இரும்பை வாங்கி வந்து முற்றத்தில் கொட்டினான். "இதென்ன?" என்றாள் மேவிஸ். "நீராவிக் கார்" என்றான். மூன்று குளிர்காலம் கழித்து அது உண்மையிலேயே நீராவிக் காராக எழுந்து நின்றது. அமெரிக்காவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில் செய்தது. சைக்கிள் சக்கரம் மாதிரி மெலிந்த நாலு சக்கரம், மேலே இரண்டு பேர் உட்காரும் ஒரு சோபா, கூரை கிடையாது, திருப்புவதற்கு வளைந்த கோல் ஒன்று. சோபாவுக்கு அடியில் கொதிகலன், கொதிகலனுக்கு அடியில் அடுப்பு. அதாவது எரிகிற அடுப்பின்மேல் மேவிஸ். அவளைப் போய் அங்கே உட்கார வைத்தானே என்று நான் அந்தக் காலத்தில் கிளிஃபைத் திட்டியிருக்கிறேன்.

என் பெயர் எவார்ட் சக்டன். எனக்கு நீராவிக் கார் கிடையாது. கல்குவாரியில் லாரி ஓட்டிச் சலித்து ஓய்வு பெற்றவன். எங்கள் நீராவிக் கார்ச் சங்கம் வருஷா வருஷம் மே மாதம் போகும் சுற்றுலாவில், எல்லாருக்கும் பின்னால் என் டீசல் லாரியில் ஊர்ந்துபோவேன். வழியில் படுத்துக்கொண்ட காரை ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை. என்னைக் கண்டால் எல்லாருக்கும் பிடிக்கும், என் லாரியைக் கண்டால் ஒருவனுக்கும் பிடிக்காது. காரணம், எங்களிடம் ஓர் ஓட்டை வாளி இருக்கிறது. லாரியில் ஏறி வந்தவன் கடைசி நாள் விருந்தில் அந்த வாளியைச் சாப்பாடு முடியும்வரை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் பெயரை வாளியில் பெயிண்டால் எழுதுவோம். வாளியைச் சுற்றிப் பெயர்கள் நிறைந்துவிட்டன. சிலர் பெயர் மூன்று தடவைகூட இருக்கிறது. கிளிஃபின் பெயர் மட்டும் ஏறாமலே இருந்தது. இருபத்தெட்டு வருஷம் ஏறவில்லை.

அதற்குக் காரணம் மேவிஸ்தான். கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாய், காரின் வலப் பக்கத்தில், ஓட்டுகிறவன் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. குனிந்து பார்த்தால் கார் வாய்க்காலில் இறங்கிவிடும். அதற்காக முன்பலகையில் கையகலத்துக்கு ஒரு முகக்கண்ணாடி உண்டு. மற்றவர்கள் அதைத் தாங்கள் பார்க்கும்படி வைத்துக்கொள்வார்கள். கிளிஃப், இடப் பக்கம் உட்காரும் மேவிஸ் பார்க்கும்படி திருப்பி வைத்தான்.

"கவலைப்படறதுக்குன்னே பொறந்தவ பக்கத்துல இருக்கா. நான் எதுக்குப் பார்க்கணும்?" என்பான்.

ஓடும்போது பம்பு தானாகவே தொட்டித் தண்ணீரைக் கொதிகலனுக்குத் தள்ளும். கூடவோ குறைவாகவோ தள்ள கிளிஃபின் கைக்குப் பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திறந்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிவிடும், மூடினால் கொதிகலனுக்குள் போகும். "எவ்வளவு?" என்பான் கிளிஃப். "பாதி" என்பாள் மேவிஸ். "கால்" என்றால் திருகை மூடித் தண்ணீரை உள்ளே விடுவான். "முக்கால்" என்றால் திறந்து குறைப்பான். இருபத்தெட்டு வருஷம் இதே பேச்சு. மலையில், மழையில், செம்மறி ஆட்டு மந்தை நடுவில். அவர்களுக்குள் வேறு என்ன பேசிக்கொள்வார்களோ எனக்குத் தெரியாது. இது ஒன்றைத்தான் நான் எப்போதும் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் கண்ணாடிக் குழாயில் தெரியும்வரை பயமில்லை. தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் செப்புக் குழாய்கள் கருகிவிடும். மேட்டில் இன்னொரு தொல்லை. கார் மெதுவாக ஏறும்போது நீராவி நிறையச் செலவாகும், பம்போ சோம்பலாகத்தான் தள்ளும். அப்போது ஓட்டுகிறவன் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அடிக்க வேண்டும். அடிப்பதென்றால் சும்மா இல்லை. உள்ளேயிருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீரை ஏற்ற வேண்டும். வாலிபனுக்கே தோள்பட்டை கழன்றுவிடும்.

போன வருஷத்துக்கு முந்தின ஜனவரியில் கிளிஃப் கார்க் கொட்டகையில் விழுந்து கிடந்தான். நெஞ்சு. மேவிஸ் அப்போது சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று அவளுக்குத் தெரியாது. அது தெரியாததுதான் அவளைத் தின்றது. சும்மாவே கவலைப்படுகிறவள், உண்மையிலேயே கவலைப்பட ஒன்று வந்தபோது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று தன்னையே மன்னிக்காமல் இருந்தாள்.

டாக்டர் கார் ஓட்டலாம் என்றார். கைப்பம்பு அடிக்கக் கூடாது என்றார். அடித்தால் என்ன ஆகும் என்று மேவிஸ் கேட்டாளாம். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

மே மாதம் சுற்றுலா கிளம்பும் காலையில், எல்லாரும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் லாரி ஜன்னலுக்கு வந்தாள்.

"எவார்ட், நீ எங்க பின்னாலயே வா. கண்ணுக்குத் தெரியற தூரத்துல."

"எப்பவும் அப்படித்தானே வர்றேன்."

"இல்ல, இன்னும் கிட்ட. ஸ்டோன்ரிக் மேட்டுல பாதி வழியில ஆட்டுப்பட்டி கேட்டு இருக்கில்ல, அங்க சமதளம். அங்க நாங்க நிப்போம். நீ வந்து பம்பு அடி. அவன் கையை வைக்கறதுக்கு முன்னாடி நீ வந்துரணும்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். சரின்னான். அவன் எதுக்குத்தான் சரின்னு சொல்லல?"

அவள் கை ஜன்னல் விளிம்பை விடவே இல்லை. நான் சரி என்றேன். சரி என்று சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து அவள் கவலையில் ஒரு பங்கு என் லாரியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. இரண்டாம் நாள் எனக்கு எரிச்சல் வந்தது. கிளிஃப் பார்த்த பண்ணையில் எல்லாம் நிறுத்தினான். வழக்கமாக அவனுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் இருபது மைல் வரும். அன்று பத்து மைலுக்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேவிஸ் யார் வீட்டுக் கதவையாவது தட்டிக்கொண்டிருந்தாள். அதுவே அவளுக்கு ஒரு தண்டனை. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் தொப்பியை நாலு தடவை சரிசெய்வாள். காரோ கெட்டில் பொங்கியதுபோல் பின்னால் தண்ணீரைத் துப்பித் துப்பி ஓடியது. கொதிகலனில் அளவுக்கு மேல் தண்ணீர் ஏற்றினால்தான் அப்படித் துப்பும். கத்துக்குட்டிகள் செய்கிற காரியம் இது. கிளிஃப் செய்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பண்ணையில், மேவிஸ் உள்ளே போனதும் இறங்கிப்போய்க் கேட்டேன்.

"யோவ் கிளிஃப், உனக்கென்ன கண்ணு தெரியலையா? காரு குளிச்சிக்கிட்டே போகுது."

அவன் சிரித்தான். முன்பலகையைக் காட்டினான். "அந்தக் கண்ணாடியைப் பாரு."

பார்த்தேன். மேவிஸின் இடத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அதில் தண்ணீர்க் குழாய் தெரியவில்லை. கிளிஃபின் தாடையும் மூக்கும் தெரிந்தன.

"திருப்பி வச்சிருக்கா" என்றான். "நேத்து கிளம்பறதுக்கு முன்னாடியே. துடைக்கிற மாதிரி துடைச்சு, திருப்பி வச்சிட்டா. தண்ணியப் பார்க்கல. என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு வர்றா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவளுக்கு என் மூஞ்சி தெரிஞ்சா எனக்கு அவ கண்ணு தெரியாதா? முதல் மைல்லயே பார்த்துட்டேன்."

"நீ எவ்வளவுன்னு கேக்கறியே. அவளும் பாதி பாதின்னு சொல்றாளே."

"சொல்றா. கேட்டாத்தானே, அவ தண்ணியப் பார்க்கறதா நான் நம்பறேன்னு நினைச்சுக்குவா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் அவன் தண்ணீரை வழிய வழிய ஏற்றி, துப்பினால் குறைத்து, காதை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதனால்தான் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. இருபத்தெட்டு வருஷம் ஒரு துளி பிசகாமல் தண்ணீர் பார்த்தவள், பார்க்காமலே பாதி என்று சொல்கிறாள். அது பொய் என்று தெரிந்தே இவன் கேட்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கொதிகலன்.

"சொல்லித் தொலையேன்யா. தண்ணியப் பாருன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா திருப்பி வச்சிருவா" என்றான் கிளிஃப். "அப்புறம் நாள் பூரா தண்ணியப் பார்த்துக்கிட்டு, என் மூஞ்சி எப்படி இருக்கோன்னு தவிச்சுக்கிட்டு வருவா. ஜனவரிலயிருந்து அவ தூங்கல, எவார்ட். என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டிருந்தாதான் அவளுக்கு மூச்சு வருது. பார்த்துட்டுப் போகட்டும். நீ வாயத் தொறக்காத."

மேவிஸ் வாளியோடு வந்தாள். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல லாரிக்குத் திரும்பினேன். எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அன்பு வைத்திருக்கிறார்களாம். அன்பு வைத்தவர்கள் ஒருவருக்கொருவர் உண்மை சொல்ல மாட்டார்களாம். நடுவில் நான் ஒருவன் இரண்டு பேர் ரகசியத்தையும் சுமந்துகொண்டு லாரி ஓட்ட வேண்டுமாம்.

மூன்றாம் நாள் ஸ்டோன்ரிக் மேடு. இந்தப் பக்கம் அடிவாரத்தில் ஒரு மதுக்கடை. அதன் முற்றத்தில் கல்தொட்டி, மலையிலிருந்து நல்ல தண்ணீர் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒன்பது மைல் ஒரு வீடு கிடையாது. ஆடும் காற்றும்தான். எல்லாரும் அங்கே இறைச்சி வைத்துச் சுட்ட மாவுப் பண்டமும் பட்டாணியும் சாப்பிட்டோம். எங்கள் சங்கத்தில் ராலண்ட் பிக்கர்ஸ்கில் என்று ஒருவன், நாலு பேர் உட்காரும் பெரிய நீராவிக் கார் வைத்திருக்கிறான். நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கிக்கொள்ளும் கார், அதனால் வாளியே தூக்க வேண்டாம். கெட்டவன் இல்லை. வாய்தான் அவனுக்குச் சத்துரு.

"என்ன கிளிஃப்" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி, "தண்ணி குடிக்கிறது உன் காரா, நீயா? இந்தப் பள்ளத்தாக்குல நீ கதவு தட்டாத வீடு பாக்கி இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். கிளிஃபும் சிரித்தான்.

"வயசாச்சுன்னா அப்படித்தான். வழியெல்லாம் நிறுத்தணும்" என்றான் இன்னொருவன். இன்னும் பெரிய சிரிப்பு.

மேவிஸ் சிரிக்கவில்லை. கிளிஃபின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கியா?" என்றாள் மெதுவாக.

"ரொம்ப நல்லாருக்கேன்" என்றான். எழுந்து போய் காரில் ஏறினான். கல்தொட்டியைத் தாண்டி, நிறுத்தாமல், நேராக மேட்டுக்குப் போய்விட்டான்.

நான் கையில் இருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். "கிளிஃப், தண்ணி" என்று கத்தினேன். சக்கரத்தை ஓட்டும் சங்கிலியின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டான். அத்தனை பேர் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாரியைக் கிளப்பி அவர்களைப் பிடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. ஸ்டோன்ரிக்கில் மேகம் இறங்கினால் முன்னால் போகிற வண்டி ஒரு சாம்பல் புள்ளி. நான் ஜன்னலை இறக்கிவிட்டுக் காதால் தொடர்ந்தேன். முதலில் அந்தத் துப்புகிற சத்தம் கேட்டது. அதுவரை எனக்குப் பிடிக்காத சத்தம். அன்று அதைக் கேட்கக் கேட்கத் தைரியமாக இருந்தது. துப்புகிறவரை உள்ளே தண்ணீர் இருக்கிறது. முதல் வளைவு தாண்டியதும் துப்புவது நின்றது. நல்ல சத்தமாக, சீராக, காய்ந்த சத்தமாக வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆட்டுப்பட்டி கேட் வந்தது. அங்கே நிற்பதாகப் பேச்சு. அவன் நிற்கவில்லை. மேகத்தில் கேட்டைப் பார்த்தானோ இல்லையோ, தாண்டிப் போனான். ஹாரனை அமுக்கினேன். மலை முழுக்க ஆடுகள் பதில் சொல்லின. அவன் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம். சத்தம் மெலிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. லாரியை அப்படியே சாலையில் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு வைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கும் எழுபதாகிறது, ஓடினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான், கைப்பம்பின் டக் டக் சத்தம் கேட்டுவிடக் கூடாது.

கார் ஓரமாக நின்றிருந்தது. அடுப்பு எரியும் சத்தம் கேட்டது. கிளிஃபின் வலது கை பம்பின் கைப்பிடிமேல் இருந்தது. அந்தக் கைமேல் மேவிஸின் இரண்டு கையும் இருந்தன. அவன் மடியைத் தாண்டி, பாதி எழுந்து, தொங்கிக்கொண்டிருந்தாள். நான் சக்கரத்தடியில் கட்டையை வைத்தேன். என்னை அவர்கள் பார்த்ததாகவே தெரியவில்லை.

"விடு மேவிஸ். நாலு அடி அடிச்சா போதும். எவ்வளவு இருக்கு?"

"வேணாம்."

"எவ்வளவுன்னு சொல்லு."

"பாதி" என்றாள். சொல்லிவிட்டு, துணியில் பெரிய கிழிசலைக் கண்டவள்போல முகம் மாறியது. "தெரியல, கிளிஃப். எனக்குத் தெரியல. மூணு நாளா நான் தண்ணியே பார்க்கல."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கண்ணாடியில உன் கண்ணு தெரியுது."

அவள் கையை எடுத்தாள். பயம் போய்க் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டியா? மூணு நாளா? எவ்வளவு எவ்வளவுன்னு என்னைக் கேட்டுக் கேட்டுப் பொய் சொல்ல வச்சியா?"

"நீ பாதின்னு சொன்னா, கேக்க நல்லாருந்துச்சு."

"அப்ப நீ சொன்னது?" என்றாள். "நான் நல்லாருக்கியான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னியே. அது?"

  கிளிஃப் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டான்.

"அதுவும் உன் பாதி மாதிரிதான்" என்றான். "நேத்து சாயங்காலத்துலயிருந்தே சரியில்ல."

மேவிஸுக்குக் கையும் காலும் ஓடாமல் போகும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் குனிந்து அடுப்பின் எண்ணெய்க் குழாயை மூடினாள். அதுவரை அவள் அந்தக் காரில் எந்தத் திருகையும் தொட்டதில்லை. எது எங்கே இருக்கிறது என்று மட்டும் இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். பிறகு என்னைப் பார்த்து, "எவார்ட், லாரி" என்றாள்.

காரை மலையிலேயே விட்டுவிட்டு, கிளிஃபை நடுவில் உட்கார வைத்து நார்தலர்ட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தச் சாலையில் லாரி எவ்வளவு வேகம் போகலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது ஞாபகமில்லை. வழியெல்லாம் மேவிஸ் அவன் முகத்தைப் பக்கத்திலிருந்து, கண்ணாடி இல்லாமல், நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.  சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பம்பு அடித்திருந்தால் என்று நான் கேட்கப் போனேன். மேவிஸ் என் காலை மிதித்தாள்.

மறுநாள் காரை இறக்கிக் கொண்டுவந்து பார்த்தேன். கொதிகலனின் அடிக்குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. செப்புக் குழாய்கள் நாலைந்து இடத்தில் விட்டுப்போயிருந்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தது யார் தெரியுமா, ராலண்ட் பிக்கர்ஸ்கில். யாரும் கூப்பிடவில்லை. ஒரு காலையில் கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். "என் வாயால வந்தது" என்று மட்டும் சொன்னான். ஓட்டை வாளியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போன லாரி கணக்கில் சேராது என்று அவனே எழுந்து சொன்னான். சங்கமும் ஒப்புக்கொண்டது. கிளிஃபின் பெயர் வாளியில் ஏறவில்லை. அதில் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும், மறைக்கத்தான் பார்த்தான்.

கிளிஃப் இனி ஓட்டக் கூடாது என்றாகிவிட்டது. காரை விற்றுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மார்ச் மாதம் ராலண்டின் பண்ணைச் சாலையில் மேவிஸ் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். "பிரேக்க மிதிச்சா பாரு, என் பொய்ப்பல்லு தனியா இறங்கிப் போயிடுச்சு" என்றான் ராலண்ட். ஓட்டும்போதும் பயந்துகொண்டேதான் ஓட்டினாள். எதிரே வருகிற ஆட்டுக்கும் ஒதுங்கினாள். ஆனால் ஓட்டினாள்.

மே மாதம் மறுபடி ஸ்டோன்ரிக். இந்தத் தடவை வெயில். உச்சிவரை தெளிவாகத் தெரிந்தது. மற்ற கார்கள் எல்லாம் முன்னாலேயே ஏறி அங்கே வரிசையாக நின்றன. மேவிஸ் மேலே வருவதைப் பார்க்க எல்லாரும் தொப்பியை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். கல்தொட்டியில் அவள் வழிய வழிய நிரப்பினாள். ஆட்டுப்பட்டி கேட்டில் சொன்னபடி நின்றாள். நான் இறங்கிப்போய்க் கைப்பம்பு அடித்தேன். கிளிஃப் இடப் பக்கம், போர்வையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, பழைய ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். முகக்கண்ணாடி இப்போது ஓட்டுகிறவள் பக்கம், தண்ணீர்க் குழாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் அவன் முகம் தெரியாது.

நான் அடித்து முடித்துக் கையைத் துடைத்தேன். "எவ்வளவு?" என்றாள் மேவிஸ்.

குனிந்து குழாயைப் பார்த்தேன். "முக்கால். தாராளமா ஏறிடும்."

"உன்னைக் கேக்கல" என்றாள்.

கிளிஃப் மேலே பார்த்தான். உச்சி அரை மைல்கூட இருக்காது. ராலண்ட் ஏதோ கத்திக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினான். பிறகு கிளிஃப் திரும்பி என் லாரியைப் பார்த்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குப் பட்டது, வேறு மாதிரி சொல்லிவிட மாட்டானா என்றும் ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. மேவிஸ் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே காத்திருந்தாள். 

"கால்" என்றான் கிளிஃப், மார்பில் கையை வைத்து. "காலுக்கும் கொஞ்சம் கம்மி."

அவள் அடுப்பை அணைத்தாள். மேலே தொப்பி ஆட்டியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நான் போய் லாரியின் பலகையை இறக்கினேன்.

கிளிஃபை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் விருந்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மேவிஸ் நேராக ராலண்டிடம் போய் வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டாள். ராலண்ட், இதுவும் ஆஸ்பத்திரிக் கணக்குத்தானே, எழுத வேண்டாமே என்று இழுத்தான்.

"எழுது" என்றாள் மேவிஸ்.

ராலண்ட் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். "யார் பேரு? ஓட்டினது நீதானே."

"ரெண்டு பேர் பேரும் போடு" என்றாள். "அவன் பேரை முதல்ல போடு. அவன்தான் சொன்னான்."